கருவியும் கைப்பழக்கமும்
மலைநாட்டு வேட்டை வரலாறு தரும் ஒரு பாடம்

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. “வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்” என்பது அதன் மறுபக்கம். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துச் சீர்தூக்கிப் பார்க்க, நாம் பிறந்து வளர்ந்த இம்மலைநாட்டைவிட ஏற்ற இடம் வேறில்லை. இன்று தேயிலை நிரை நிரையாக நிற்கும் இம்மலைகளில், ஒரு காலத்தில் உலகின் விலையுயர்ந்த துவக்குகளெல்லாம் வெடித்தன. அவற்றுள் எது நின்றது, எது அழிந்தது, யார் பெயர் பெற்றார், யார் பழி பெற்றார் என்று எண்ணிப் பார்க்கும்போது, நம் இளைஞர் உள்ளத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று புலப்படுகின்றது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொல்லாமையை விரதமாகப் போற்றும் சமயத்தாரின் ஆண்டு மலரில் வேட்டையைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று பெரியோர் சிலர் புருவம் நெரித்தல் கூடும். அவர்களுக்கு நாம் பணிவோடு கூறுவது இதுவே: வேட்டையாடுமாறு எவரையும் நாம் அழைக்கவில்லை. வேட்டைக்குச் சட்டம் தடை விதித்துள்ள காலம் இது, அத்தடை நன்மைக்கே. எனினும், வேடர் குலத்தில் பிறந்த கண்ணப்பரை நாயன்மாராக வணங்குபவர் நாம். வேடர் குடியில் வளர்ந்த வள்ளியை முருகப் பெருமானின் தேவியாகப் போற்றுபவர் நாம். வேட்டையில் இருந்த அறம் எது, அறமின்மை எது என்று பகுத்தறிவது நமக்குப் புறம்பான காரியம் அன்று. மேலும், துவக்கும் இல்லாமல் பயிற்சியும் இல்லாமல் நடக்கும் கொடிய வேட்டை ஒன்று இன்று நம் தோட்டங்களின் ஓரத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. அதைக் குறித்து வாய் மூடி இருத்தல் தகாது.

முன்னோர் கண்ட வேட்டை

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. அதன் தெய்வம் முருகன். அதன் மக்களின் தொழிலுள் வேட்டை ஒன்று. கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு, யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் அடுத்தடுத்துத் துளைத்துச் சென்றது என்று வன்பரணர் பாடியதைப் புறநானூற்றில் காண்கிறோம். புலவர் வாக்கில் உயர்வு நவிற்சி இருக்கலாம். ஆயினும் அம்மன்னனுக்குப் பெயர் எதனால் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பொன்னாலான வில் வைத்திருந்தான் என்பதற்காக அன்று. வில்லாண்மையில் வல்லவன் என்பதற்காகவே.

சேக்கிழார் பெருமான் கண்ணப்பர் வரலாற்றைப் பாடும்போது, திண்ணனார் எடுத்த எடுப்பிலேயே வேட்டைக்குப் போனதாகச் சொல்லவில்லை. உரிய வயதில் வில் பிடிக்கும் விழா எடுக்கிறார்கள், பயிற்சி நடக்கிறது, அப்பயிற்சி முற்றிய பின்னரே தந்தையாகிய நாகனின் இடத்தில் நின்று கன்னி வேட்டைக்குப் புறப்படுகிறார். அவ்வேட்டையில் வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை என்றும், சிறு குட்டிகளைக் கொல்லவில்லை என்றும், கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைகளை வருத்தவில்லை என்றும் சேக்கிழார் கூறுகின்றார். வலையைக் கிழித்துக்கொண்டு ஓடிய பெரும் பன்றியைத் திண்ணனார் காலால் ஓடித் துரத்தி, அருகில் நெருங்கி, உடைவாளால் குத்தி வீழ்த்தினார் என்றும் அந்நூல் பேசுகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எதைக் கொல்லலாம், எதை விட வேண்டும் என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், கண் பழகியிருக்க வேண்டும். கை கட்டுக்குள் இருக்க வேண்டும். எய்யும் ஆற்றல் மட்டும் அன்று, எய்யாமல் நிறுத்தும் ஆற்றலும் பயிற்சியினாலேயே வரும். பழகாதவன் கையில் உள்ள கருவிக்குக் குட்டியும் தாயும் ஒன்றே. இக்கருத்தை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு நம் மலைநாட்டு வரலாற்றுக்குள் நுழைவோம்.

துவக்கு வந்த காலம்

ஆங்கிலேயர் கண்டி இராச்சியத்தை 1815 ஆம் ஆண்டில் கைப்பற்றிய பிறகு, மலைநாட்டுக் காடுகள் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலையேறிய காலமும் அதுவே. அந்நாளில் நுவரெலியாச் சமவெளியிலும், இன்று ஹோர்ட்டன் சமவெளி என வழங்கும் மகா எலியவிலும் யானைகள் கூட்டங்கூட்டமாகத் திரிந்தன என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அக்காலத் துவக்கைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். அது வாய்வழியாக மருந்திடும் துவக்கு. குழலின் வாயில் வெடிமருந்தை அளந்து கொட்ட வேண்டும்; அதன் மேல் ஈயக் குண்டை வைத்துக் கோலால் இடித்து இறக்க வேண்டும்; பின்னர்க் குதிரையின் கீழ்த் தொப்பி மருந்தைப் பொருத்த வேண்டும். இவ்வளவும் செய்தால் ஒரு குழலுக்கு ஒரே வெடி. குறி தவறிவிட்டால், எதிரே நிற்கும் யானை மறுபடி மருந்திடும் வரை பொறுத்துக்கொண்டு நிற்காது. மலைநாட்டு மழையில் மருந்து நனைந்தால் அந்த ஒரு வெடியும் இல்லை. ஆகவே, காற்று எந்தத் திசையில் வீசுகிறது, விலங்கு எப்பக்கம் திரும்பும், எத்தனை அடி நெருங்கினால் குறி தப்பாது என்பதெல்லாம் தெரிந்தவனே உயிரோடு வீடு திரும்பினான்.

இந்நிலையிலும் பேராசை தன் வேலையைக் காட்டாமல் இல்லை. பதுளைப் பகுதியில் அரசாங்க அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1,400 க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. அவர் 1845 ஆம் ஆண்டில் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவருடைய கல்லறை நுவரெலியாவில் உள்ளது. அக்கல்லறையின் மேலும் இடி விழுந்தது என்று ஊரார் கதை சொல்வார்கள். யானைகளின் சாபம் என்பாரும் உளர். கதை எவ்வாறாயினும், அவர் ஒருவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பயிர்களை அழிக்கின்றன என்று காரணங் காட்டி, சுட்ட யானைகளுக்கு அரசாங்கமே வெகுமதிப் பணம் கொடுத்த காலம் அது. 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 க்கும் மேற்பட்ட யானைகள் அழிக்கப்பட்டன என்று குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். ரொஜர்ஸிடம் கைப்பழக்கம் இருந்தது. ஆனால் நிறுத்தும் அறிவு இல்லை. பயிற்சியின் பாதியைக் கற்று மறுபாதியைக் கல்லாது விட்டவர் அவர்.

துவக்கை வீட்டில் வைத்துப் போனவர்

இனி, நுவரெலியாவோடு பெயர் ஒட்டிய மற்றொருவரைப் பார்ப்போம். சாமுவேல் பேக்கர் 1821 இல் இலண்டனில் பிறந்தவர். வேட்டை மோகத்தால் 1846 இல் இலங்கைக்கு வந்தார். கீழ்நாட்டுக் காய்ச்சலில் நொந்து, உடல் தேற நுவரெலியாவுக்கு ஏறினார். இவ்விடத்துக் குளிர் அவருக்குத் தாய்நாட்டை நினைவூட்டியது. 1848 இல் இங்கிலாந்திலிருந்து உழவுக் கருவிகளையும், மாடுகளையும், வேட்டை நாய்களையும், கொல்லன் முதலான தொழிலாளரையும் கப்பலில் கொண்டுவந்து இங்கே ஒரு குடியேற்றத்தை அமைத்தார். 1855 இல் நாட்டை விட்டுச் சென்ற அவர், பிற்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போய், 1864 இல் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றார். ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பேக்கர் செல்வக் குடும்பத்தவர். இலண்டனில் எந்தத் துவக்குக் கடையிலும் விரும்பியதை வாங்க அவரால் முடியும், வாங்கியும் இருந்தார். யானைக்கும் காட்டெருமைக்கும் கனத்த குண்டு பாயும் துவக்குகள் அவரிடம் இருந்தன. ஆனால் நுவரெலியா மலைகளில் மரை வேட்டைக்குப் புறப்படும்போது அவர் துவக்கை வீட்டிலேயே வைத்துவிடுவார். நாய்களையும், சுமார் ஓர் அடி நீள அலகுள்ள கத்தி ஒன்றையும் மட்டுமே கொண்டு போவார். மலைக்காட்டின் அடர்த்தியில் துவக்கு அதிகம் உதவாது என்பது ஒரு காரணம். நாயோடும் கத்தியோடும் போவதே வேட்டை என்று அவர் கொண்டிருந்த கொள்கை மற்றொரு காரணம்.

மரை இலேசான பிராணி அன்று. வளர்ந்த ஆண் மரை ஒரு மாட்டின் அளவு இருக்கும். கொம்பால் ஒரு நாயைத் தூக்கி எறிய வல்லது. நாய்கள் துரத்தும்போது அது பள்ளத்தாக்கில் இறங்கி, ஓடும் ஆற்றின் நடுவே பாறைக்கு முதுகு கொடுத்துத் திரும்பி நிற்கும். அவ்விடத்தை அடைவதே வித்தை. நாய்களின் குரல் எங்கிருந்து வருகிறது, எந்த ஓடை எந்த ஆற்றில் விழுகிறது, மரை எந்த மடுவில் நிற்கும் என்று முன்கூட்டியே கணித்து, முட்புதரிலும் பாறையிலும் கால்நடையாக ஓடிப் போய்ச் சேர வேண்டும். பின்னர்க் குளிர்ந்த நீரில் இறங்கிக் கத்தியோடு நெருங்க வேண்டும். இதற்குரிய கருவியைக் கடையில் வாங்க இயலாது. மூச்சு, கால், காது, துணிவு ஆகிய நான்கையும் நாள்தோறும் பழக்கியே பெற வேண்டும். 1854 இல் வெளிவந்த தம் நூலில் பேக்கர் இவ்வேட்டைகளை விரிவாக எழுதியுள்ளார். நாய்களின் பெயர்களையும் குணங்களையும், மரையாலும் பன்றியாலும் சிறுத்தையாலும் அவை இறந்த விதங்களையும் அந்நூலில் காணலாம்.

பேக்கரை நாம் புண்ணிய புருஷராக்க முயலவில்லை. அவர் கொன்ற உயிர்களுக்கும் கணக்கில்லை. அதை இன்று எவரும் பாராட்டார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டுவது ஒன்றே. எல்லாக் கருவியும் வாங்க வல்ல ஒருவர், வித்தையின் உச்சத்தை நாடியபோது கருவிகளைக் கூட்டவில்லை, குறைத்தார்.

பெயர் எழுதப்படாத வல்லவர்கள்

இவ்வெள்ளைக்கார வேட்டைக்காரரின் புகழுக்குப் பின்னே நின்றவர்களையும் மறத்தலாகாது. தடம் பார்த்து முன்னே நடந்தவர்களும், மருந்திட்ட மாற்றுத் துவக்குகளைத் தூக்கிக்கொண்டு பின்னே நடந்தவர்களும், புதரைத் தட்டி விலங்கை எழுப்பியவர்களும் இந்நாட்டு ஏழை மக்களே. மிதிபட்ட புல்லின் ஈரத்தைத் தொட்டு யானை எப்போது கடந்தது என்று சொல்லக்கூடியவனின் கையில் பெரும்பாலும் சொந்தத் துவக்கு இருந்ததில்லை. துவக்கு இருந்தவருக்கோ அந்தக் கண் இருந்ததில்லை. சுட்டவர் பெயர் நூலில் ஏறியது. கண்டவர் பெயர் காற்றில் போயிற்று.

விந்தனைக் காட்டு வேடர்களின் கதையும் இத்தகையதே. அவர்களுடைய வில்லையும் அம்பையும் கண்ட பேக்கர், தூரத்துக் குறியில் அவர்கள் திறமை குறைந்தவர்கள் என்று எழுதினார். இருக்கலாம். ஆனால் வேடனுக்குத் தூரத்துக் குறி எதற்கு? சருகு ஒலிக்காமல், காற்றுக்கு எதிராக, சில அடி தூரம் வரை விலங்கை அண்மிச் செல்வதே அவன் வித்தை. அவ்வளவு நெருங்கியவனுக்கு மரவில்லே போதும். நெருங்கத் தெரியாதவனுக்கே தூரம் பாயும் துவக்கு வேண்டியிருக்கிறது.

கருவி வளர்ந்தது, காடு தேய்ந்தது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் துவக்கு விரைந்து வளர்ந்தது. வாய்வழி மருந்திடுவது போய், பின்புறம் திறந்து தோட்டா செருகும் முறை வந்தது. அதன் பின்னர்ப் புகையில்லா மருந்தும், தொடர்ந்து பல வெடி தரும் துவக்கும் வந்தன. நெருங்க வேண்டிய தேவையும் பொறுக்க வேண்டிய தேவையும் குறைந்தன. ஒரு குறி தவறினால் மறு குறி உண்டு என்ற நினைப்புப் பெருகியது. அதே காலத்தில் காடும் தேய்ந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் கோப்பி இலைகளில் நோய் தோன்றிப் பின்னர் அப்பயிரையே அழித்தது. கோப்பி இருந்த மலைகளையும் புதிதாக வெட்டிய மலைகளையும் தேயிலை மூடியது. மேட்டுநிலச் சமவெளிகளில் திரிந்த யானைகள் இல்லாமற் போயின. இன்று ஹோர்ட்டன் சமவெளியில் மரை உண்டு, சிறுத்தை உண்டு, யானை இல்லை.

இவ்வழிவை முதலில் உணர்ந்தவர்களுள் வேட்டைக்காரர்களே இருந்தனர் என்பது வரலாற்றின் விந்தை. 1894 இல் அவர்கள் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அதுவே பிற்காலத்தில் வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. 1937 இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1949 இல் வனசீவராசிகள் திணைக்களம் ஏற்பட்டது. ஹோர்ட்டன் சமவெளி 1969 இல் பாதுகாக்கப்பட்ட ஒதுக்கிடமாகி, 1988 இல் தேசிய வனமாயிற்று. 2010 இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. துவக்கின் வரலாறு இம்மலையில் இவ்வாறு முடிவுக்கு வந்தது.

வாங்க வழியில்லாதவன் என் செய்வான்?

பேக்கருக்குப் பணம் இருந்தது. வாங்கிய பின் விட்டுவைத்தார். வாங்கவே வழியில்லாதவன் கதி என்ன என்று நம் இளைஞர் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு இமயமலை அடிவாரத்திலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. ஆட்கொல்லிப் புலிகளை ஒழித்துப் பெயர் பெற்ற ஜிம் கோர்பெட் 1875 இல் நைனித்தாலில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தவர். சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கிடைத்த துவக்கு, வாய்வழி மருந்திடும் பழைய இரட்டைக் குழல் துவக்கு. அதன் வலக் குழல் ஏற்கனவே வெடித்துப் பிளந்திருந்தது. கட்டையும் முறிந்து, பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. பயன்பட்டது இடக் குழல் ஒன்றே. அதைக் கொண்டே அவர் காட்டைக் கற்றார். பறவைகள் எச்சரிக்கும் குரலையும், மண்ணில் பதிந்த கால் தடத்தையும், இலை மறைவில் அசையும் நிழலையும் எழுத்துப் படிப்பதுபோல் படித்தார். பின்னாளில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907 இல் அவர் வீழ்த்தியபோது உதவியது இப்பழக்கமே. முதுமையில் அவர் துவக்கை விடுத்துப் படப்பெட்டியைத் தூக்கினார். காட்டைக் கற்ற கண் இருந்தபடியால், அதே கண் கொல்லாமலும் வேலை செய்தது.

ஹங்கேரி நாட்டுப் படைவீரர் கரோலி தகாச்சின் வரலாறு இதனினும் வியப்பானது. கைத்துப்பாக்கி சுடுவதில் வல்லவராயிருந்த அவருடைய வலக்கை, 1938 இல் கைக்குண்டு வெடித்துச் சிதைந்தது. துப்பாக்கி பழுதானால் புதிது வாங்கலாம். வலக்கை பழுதானால் எந்தக் கடையில் வாங்குவது? அவர் எவரிடமும் சொல்லாமல் இடக்கையால் பழகினார். 1948 இல் இலண்டனிலும் 1952 இல் ஹெல்சிங்கியிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் அந்த இடக்கையாலேயே தங்கப் பதக்கம் பெற்றார்.

குறிபார்த்துச் சுடும் வீரர்கள் இன்றும் தோட்டா இல்லாத வெறுந்துப்பாக்கியை ஏந்தி, மூச்சை அடக்கி, விரலை மெல்ல அழுத்திப் பழகுகிறார்கள். வெடி இல்லை, சத்தம் இல்லை, செலவும் இல்லை. ஆனால் கை நடுங்குவது எங்கே, விரல் அவசரப்படுவது எங்கே என்பது அப்போதே தெரிகிறது. சத்தமில்லாத இப்பயிற்சியே அரங்கில் பதக்கமாகிறது. கட்டை விரலை இழக்கும் வரை ஏகலைவன் கற்றதும் இவ்வழியே அன்றோ? மண்ணாற் செய்த குருவின் உருவமும், ஓயாத பயிற்சியுமே அவனுக்கு வாய்த்த செல்வம்.

நம் வேலி ஓரத்துக் கம்பி

இனி நாம் தொடக்கத்தில் குறிப்பிட்ட கொடுமைக்கு வருவோம். 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில், மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணிப் பகுதியில், தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. மிக அரிதாகவே காணப்படும் உயிர் அது. அதிகாரிகள் மீட்டு உடவளவைக்குக் கொண்டு சென்று மருத்துவம் செய்தும், சில நாட்களில் இறந்துவிட்டது. சிவனொளிபாதமலையின் அடியில் நடந்த காரியம் இது. அதற்கு முன்னும் பின்னும் நம் தோட்டப் புறங்களில் சுருக்கில் மாண்ட சிறுத்தைகள் பல.

அச்சுருக்கு சிறுத்தைக்காக வைக்கப்படுவதில்லை. பெரும்பாலும் காட்டுப் பன்றிக்காகவே வைக்கப்படுகிறது. ஏன் வைக்கிறார்கள் என்பதையும் நாம் அறியாதவர் அல்லர். லயத்துக் குடும்பம் ஒன்று மாலை நேரங்களில் முதுகு ஒடியப் பாடுபட்டுப் போட்ட மரக்கறிப் பாத்தியைப் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் உழுது போட்டுவிடும். காலையில் பிரட்டுக்குப் போகுமுன் அதைப் பார்த்து நிற்பவரின் வயிற்றெரிச்சல் நாம் கண்டது. சம்பளமோ போதாது, சந்தையில் மரக்கறி விலையோ எட்டாது. இறைச்சியை விற்றுக் காசு காணலாம் என்று வைப்பவரும் உளர். ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும். வண்டியின் பழைய பிரேக் கம்பியை முடிச்சிட்டு வேலிச் சந்தில் கட்டிவிட்டுத் தூங்கப் போவது வேட்டையும் அன்று, காவலும் அன்று.

திண்ணனாரின் கூட்டத்தார் குட்டியை விட்டார்கள், கருவுற்ற பிணையை விட்டார்கள். கம்பிச் சுருக்கு எதை விடும்? பன்றியா, மரையா, கேளையா, சிறுத்தையா, பக்கத்து வீட்டு நாயா என்று அதற்குத் தெரியாது. வயது தெரியாது, சூல் தெரியாது. ஒரே வெடியில் உயிர் போக்கவும் தெரியாது. இடுப்பை இறுக்கி நாட்கணக்கில் வதைக்கும். கண் இல்லாத கருவி அது. அதற்குக் கண்ணாக இருக்க வேண்டிய மனிதனோ அவ்விடத்தில் இல்லை. கட்டுத்துவக்கும் இதே இனம். அதன் கயிற்றில் கால் தட்டிய மனிதரும் உயிரிழந்ததுண்டு. பயிற்சி சிறிதும் வேண்டாத கருவியே கருவிகளுள் கொடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இளைஞர் செய்யத்தக்கது

அப்படியாயின் பாத்தியைப் பன்றிக்கு விட்டுவிடுவதா என்று கேட்பார் உளர். இல்லை. முன்னோரின் வேட்டைப் பயிற்சியில் கொலையை நீக்கிவிட்டால் எஞ்சுவது எதுவோ, அதனைக் கற்போம் என்கிறோம். பன்றி எந்த ஓடை வழியாக ஏறுகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, வேலியில் எந்தச் சந்தில் நுழைகிறது என்று தடம் பார்த்து அறிந்தவனுக்கு, எந்த இடத்தில் வேலியை வலுப்படுத்த வேண்டும் என்பது தெரியும். மலை முழுவதும் கம்பி கட்ட வேண்டியதில்லை. ஈர மண்ணில் நாயின் தடத்தில் நகம் பதியும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் அதன் தடத்தில் நகம் பதியாது. மரை திடீரென்று கணீரெனக் கத்தினாலும், கேளை விட்டுவிட்டுக் குரைத்தாலும், மந்திகள் மரத்தில் ஆரவாரித்தாலும், அருகில் சிறுத்தை நடமாடக்கூடும் என்று உணர்ந்து கொழுந்தெடுக்கும் தாய்மாரை எச்சரிக்கலாம். லயத்துக் குப்பையை ஒழுங்காகப் புதைத்தால் பன்றியும் தெரு நாயும் சேரா. நாயைத் தேடிச் சிறுத்தையும் வராது. இவற்றுள் எதற்கும் காசு வேண்டியதில்லை. வயது முதிர்ந்தவர்களோடு ஒரு மாலைப் பொழுது மலையோரம் நடந்தால் போதும். தடம் அறிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால் அவ்வறிவை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

இப்பாடம் காட்டோடு நிற்பதன்று. ஆண்டுக் கூட்டந்தோறும் விளையாட்டுப் பொருள் வாங்க நிதி இல்லை என்ற பேச்சு எழுவது நாம் யாவரும் அறிந்ததே. புது மட்டை வந்தால் ஆடுவோம், புது மிருதங்கம் வந்தால் பஜனை களை கட்டும், புதுக் கணினி வந்தால் படிப்போம் என்று காலங் கடத்துகிறோம். வறுமை மெய், அதை மறுப்பது பொய்யாகும். தேவையானதைக் கேட்டுப் பெறவும் வேண்டும். ஆனால், வாங்கும் நாள் வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தவனுக்கு, வாங்கிய நாளிலும் கை வழங்காது. பித்தளைக் கம்பியால் கட்டிய துவக்கோடு காட்டைக் கற்ற சிறுவனையும், இடக்கையால் உலகை வென்ற வீரரையும் நினைவிற் கொள்வோம்.

அன்பர்களே! சென்ற இரு நூற்றாண்டுகளில் இம்மலைக்கு எத்தனையோ கருவிகள் வந்தன. அவற்றைக் கொண்டுவந்த துரைமாரும் போயினர், கருவிகளும் துருவேறின. எஞ்சியிருப்பது மலையும், அதில் உலவும் சில உயிர்களும், அவற்றோடு வாழ விதிக்கப்பட்ட நாமுமே. நம் தோட்ட எல்லையில் சுருக்குக் கம்பி ஒன்றைக் கண்டால் அதிகாரிகளுக்கு அறிவித்து அகற்றச் செய்வது இவ்வாண்டு நம் வாலிபர் மேற்கொள்ளும் விரதமாகட்டும். கண்ணைப் பழக்குவோம், கையைப் பழக்குவோம், எய்ய வல்லவனாயிருந்தும் எய்யாது நிற்கும் நெஞ்சையும் பழக்குவோம். கண்ணப்பரை வணங்கும் நமக்கு அதுவே தகுந்த வழிபாடு.